நாலாவது பிளேடு

பிளானோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பிரவீண் வீட்டில் போன மாதம் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுபோகும் விருந்து. சாப்பிட்டு முடித்து ஆண்கள் எல்லாம் சோபாவில் சரிந்திருந்த நேரத்தில் பிரவீண் டிவியில் ஒரு வீடியோவைப் போட்டான். குடும்பத்தோடு ஏர்ஷோவுக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானம் ஒன்று இருமிக்கொண்டு, வெள்ளையாகப் புகை கக்கிக்கொண்டு கிளம்புகிறது. வீட்டில் புது ஸ்பீக்கர் வேறு. மேஜையில் இருந்த பாயசக் கிண்ணம் அதிர்ந்தது.

"அங்கிள், இந்த சவுண்டக் கேளுங்களேன், கூஸ்பம்ப்ஸ் வருது. நீங்க இந்த மாதிரி என்ஜின்லதான வொர்க் பண்ணீங்க? ரொம்ப மிஸ் பண்ணுவீங்கல்ல?" என்றான்.

எனக்கும் மயிர் சிலிர்த்தது உண்மைதான். அவனுக்குச் சிலிர்த்த காரணம் வேறு, எனக்கு வேறு. "இல்லப்பா" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. விருந்தில் "போதும்" என்றால் நம் ஆட்கள் இன்னும் இரண்டு இட்லி வைப்பார்களே, அந்த மாதிரி, அந்தப் பொற்காலத்தைப் பற்றித் தமிழ்ச் சங்க மலருக்கு நான் எழுதித் தர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். சரி, எழுதுகிறேன். பொற்காலம் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுகிறேன்.

உடுமலைப்பேட்டையிலிருந்து பதினெட்டு வயதில் விமானப்படைக்குப் போனவன் நான். வேலை என்ஜின் ஃபிட்டர். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை தெரியாததற்குத் திட்டு வாங்கினேன், இந்தி தெரியாததற்கு இன்னொரு பங்கு திட்டு வாங்கினேன், இரண்டையும் ஒருவழியாகக் கற்றுக்கொண்டேன். என் கையில் கிடைத்தவை பெரிய பிஸ்டன் என்ஜின்கள். ஒன்பது ஒன்பதாக இரண்டு வளையத்தில் பதினெட்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பார்க் பிளக். இரண்டாயிரம் குதிரை இழுக்கிற இழுப்பு. போர் முடியும்வரை ஓடினால் போதும் என்று அவசரத்தில் செய்த சாமான். அதை நாங்கள் பேரன் பேத்தி காலம்வரை ஓட்டிக்கொண்டிருந்தோம். எண்ணெய் ஒழுகாத நாளே கிடையாது. ஒழுகவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும், உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த என்ஜின் இரண்டு பூட்டிய எங்கள் சரக்கு விமானம் பாரத்தோடு மலை தாண்டத் திணறியதால், கொஞ்ச நாளில் அதன் முதுகின்மேல் சின்னதாக ஒரு ஜெட் என்ஜினைக் கட்டிவைத்தார்கள். நாங்கள் அதை ஊதுகுழல் என்று கேலி செய்தோம். கீழே இருக்கும் இரண்டு பிஸ்டன் என்ஜினுக்கும் காலையிலிருந்து மாலைவரை பணிவிடை செய்வோம். ஊதுகுழலுக்கு மூடியைத் திறந்து பார்ப்பது, மூடுவது, அவ்வளவுதான் வேலை. ஒரு மாதத்துக்குப் பிறகு யாரும் கேலி செய்யவில்லை. ஜெட் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த மூடியில்தான்.

படையிலிருந்து வெளியே வந்ததும் என் மனைவி கலாமணிக்கு டல்லாஸில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவன்தான் நான், அதில் எனக்கு வெட்கம் இல்லை. இங்கே மெக்கானிக் லைசென்ஸ் பரீட்சை எழுதிப் பாஸ் செய்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த சமயம், அவள் வார்டில் கீழக்கரைக்காரர் ஒருவரின் மனைவி ஆபரேஷனுக்குப் படுத்திருந்தார். தமிழ் பேசும் நர்ஸைக் கண்டதும் அந்தம்மா பாதி குணமாகிவிட்டார். கலாமணியின் கணவர் என்ன செய்கிறார் என்று பேச்சு வந்தது. அடுத்த வாரம் நான் அந்தம்மாவின் கணவர் ஹமீது பாயின் விமானக் கொட்டகையில், ஹேங்கரில், நின்றுகொண்டிருந்தேன்.

ஊருக்கு வெளியே சின்ன விமான நிலையம். கம்பெனியும் சின்னது. கார் தொழிற்சாலைகளுக்கு அவசரச் சாமான் கொண்டுபோவது தொழில். ஒரு பெட்டி உதிரிப் பாகம் வரவில்லை என்றால் அங்கே தொழிற்சாலையே நிற்கும், உடனே இங்கே போன் அடிக்கும். உலகம் முழுக்க ஜெட்டுக்கு மாறிப் பல காலம் ஆகியிருந்தும் எங்களிடம் இருந்தவை அதே பதினெட்டு சிலிண்டர் பிஸ்டன் என்ஜின் பூட்டிய கிழட்டு விமானங்கள். அமெரிக்கா வந்து முன்னேறிவிட்டேன் என்று ஊருக்குக் கடிதம் எழுதியவன், ஹேங்கர் கதவு திறந்ததும் பழைய எதிரியைப் பார்த்தேன்.

ஹமீது பாய் தலைமை மெக்கானிக். கப்பலில் எண்ணெய் ஊற்றத் தொடங்கி, வளைகுடாவில் விமானத்துக்கு மாறி, டெக்சாஸ் வந்து சேர்ந்தவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நாம் முடித்த வேலைக்கு அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, செய்ததை முதலிலிருந்து வாயால் சொல்ல வேண்டும். ஏன் கையைக் கட்ட வேண்டும் என்று முதல் நாள் கேட்டேன். "கைய அவுத்து விட்டா, செய்ய வேண்டியத அழகா செஞ்சு காட்டிரும் தம்பி. வாய்க்கு அந்தச் சாமர்த்தியம் கெடையாது" என்றார். அமெரிக்கர்கள் உள்பட எல்லாரும் அவர் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல நின்று ஒப்பித்தோம். எனக்கு அது பெரிய எரிச்சல். பதினைந்து வருடம் படையில் இருந்தவனை இப்படியா நிற்க வைப்பது என்று வீட்டில் போய்க் கத்துவேன்.

இனி நான் சொல்லப்போவது புரிய வேண்டும் என்றால் ஒரு காரியம் தெரிய வேண்டும். இந்த என்ஜினில் சிலிண்டர்கள் சக்கரத்தின் ஆரக்கால்போல் சுற்றிலும் இருக்கும். அப்படியானால் சில சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். விமானம் சும்மா நிற்கும்போது எண்ணெய் கசிந்து அந்த அடிச் சிலிண்டர்களில் போய்த் தேங்கும். காற்றை அழுத்தினால் சுருங்கும், எண்ணெய் சுருங்காது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் எண்ணெயில் போய் மோதி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் ஸ்டார்ட் செய்யும் முன் புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு பிளேடு, இன்னொரு பிளேடு என்று எண்ணிக்கொண்டு பன்னிரண்டு பிளேடு. நடுவில் எங்காவது நின்றால் எண்ணெய் இருக்கிறது. உடனே என்ஜின் மூடியைக் கழற்றி, அடிச் சிலிண்டர்களின் பிளக்கைக் கழற்றி, எண்ணெயை வடித்துவிட்டுத்தான் மறுபடி தொட வேண்டும். ஒருபோதும் பிளேடைப் பின்னோக்கித் தள்ளக் கூடாது. தள்ளினால் தடை போய்விடும், சுலபமாகச் சுற்றும். ஆனால் எண்ணெய் எங்கும் போகவில்லை. காற்று உள்ளே வரும் குழாயில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் ஆனதும் மறுபடி சிலிண்டருக்குள் இறங்கும். இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி.

ஜனவரி மாதம், வடக்கிலிருந்து குளிர் இறங்கிய ஒரு காலை. விமானம் மூன்று நாள் சும்மா நின்றிருந்தது. தொழிற்சாலையிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. கேப்டன் கெல்லி ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுப் பெண், எந்த நேரமும் சூரியகாந்தி விதையை மென்றுகொண்டிருப்பார், பக்கத்தில் ஒரு கோபைலட். இடது என்ஜின் பன்னிரண்டு பிளேடும் ஒழுங்காகச் சுற்றியது. வலது என்ஜினில் சரக்கு ஏற்றும் ஹெக்டர் ஒரு பிளேடு, நான் ஒரு பிளேடு என்று மாற்றி மாற்றி இழுத்தோம். நாலாவது பிளேடு என் முறை. அது நின்றது.

குளிரில் எண்ணெய் கெட்டியாகி இறுக்குவது ஒரு மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை, சுவரில் கை வைத்த மாதிரி நின்றது. மூடியைக் கழற்றி எண்ணெய் வடிக்க அந்தக் குளிரில் ஒரு மணி நேரம் ஆகும். கெல்லி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். ஹெக்டரும் பார்த்தான். குளிர்தான் என்று அவனிடம் சொல்லிவிட்டு, பிளேடைக் கொஞ்சம் பின்னோக்கித் தள்ளினேன். பிறகு முன்னால் இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. அப்படிச் சுலபமாக வந்ததில் ஒரு சுகம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மீதியையும் எண்ணி முடித்தோம். ஸ்டார்ட் ஆனபோது புகை வழக்கத்தைவிடக் கூட வந்தது. ஒரு தட்டுச் சத்தம் கேட்டதா, கேட்கவில்லையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஓட்டிப் பார்த்த சோதனை எல்லாம் சரியாக இருந்தது. காலைச் சோதனைக்கு மட்டும் என் கையெழுத்தே போதும்; ஏழு மணிக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

ஏழரைக்கு பாய் வந்தார். பிளாஸ்கில் இருந்து டீயை மூடியில் ஊற்றிக்கொண்டே, காலை வேலையைச் சொல்லச் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இடது என்ஜினைச் சொன்னேன். வலது என்ஜின், ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து, நாலாவது பிளேடு கொஞ்சம் கெட்டியாக இருந்தது என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை. என் பின்னால் கட்டியிருந்த கை மட்டும், என்னை அறியாமல், எதையோ தள்ளிக்கொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றார் பாய்.

"கொஞ்சம் பின்னால தள்ளி எடுத்தேன் பாய்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"அரை முழம்."

டீயைக் கீழே வைத்தார். திட்டவில்லை. ஏன் செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை; குளிரும் அவசரமும் அவருக்குத் தெரியாததா. நேராக ரேடியோ இருக்கும் அறைக்குப் போய் மைக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். செய்தவன் வாயால் சொன்னால்தான் கேப்டனுக்குச் சரியான விவரம் கிடைக்கும் என்றார்.

மைக்கை வாங்கினேன். பொத்தானை அழுத்தவில்லை. படித்தவன், இயந்திரத்தை நம்புகிறவன், சொன்னால் சிரிப்பீர்கள்: அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது, கிளம்பிப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பதுதான். எங்கள் வீட்டில் யாராவது வாசல் தாண்டிவிட்டால், அவர் பர்ஸையே மறந்துவிட்டுப் போனாலும், ஓடிப்போய் முன்னால் நின்று கொடுப்போமே தவிரப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டோம். கூப்பிட்டால் போன காரியம் விளங்காது. ஆகாயத்தில் இரண்டு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, நான் என் வாயால் கூப்பிட்டு ஏதாவது ஆகிவிட்டால்? இப்படி ஓர் எண்ணம். இப்போது யோசித்தால் தெரிகிறது, சகுனம் எல்லாம் சாக்கு. கூப்பிட்டால் தப்பு செய்தவன் நான்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். லைசென்ஸ் போகும். மனைவி சம்பாத்தியத்தில் வந்தவன் கடைசிவரை அப்படியே இருந்துவிடுவேன். அந்த வெட்கத்தைச் சகுனத்துக்குள் ஒளித்து வைத்தேன்.

"போறவங்களப் பின்னால கூப்புடக் கூடாது, பாய்" என்று உளறினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எங்க வீட்லயும் அப்புடித்தான் சொல்லி வளத்தாக. இப்ப கூப்புடுங்க."

கூப்பிட்டேன். கெல்லி, திரும்பி வாருங்கள், வலது என்ஜினில் அடிச் சிலிண்டரில் எண்ணெய் இருந்தது, நான் பிளேடைப் பின்னால் தள்ளிவிட்டேன், ராடு வளைந்திருக்கலாம், தப்பு என்னுடையது என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னேன். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கெல்லி கேட்டார். தெரியாது என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பதில்களிலேயே கேவலமானது அது, உண்மையானதும் அதுதான். பாய் மைக்கை வாங்கி, வலது என்ஜினை மெதுவாகத் தணித்துக்கொண்டு வாருங்கள், அதிர்வு கூடினால் யோசிக்காமல் நிறுத்திவிட்டு ஒற்றை என்ஜினில் வாருங்கள் என்று நிதானமாகச் சொன்னார். ராடு உடைந்தால் என்ஜின் கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும், எண்ணெய் தீப்பிடிக்கும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அடுத்த முப்பத்தைந்து நிமிடம் நான் வெளியே ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் என் பக்கத்திலேயே நின்றார். எனக்கு முருகனைத் தவிர வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. பாயின் உதடும் அசைந்துகொண்டுதான் இருந்தது. வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. புகை இல்லை. சக்கரம் தரையில் பட்டது. நான் அப்படியே சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கெல்லி இறங்கி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பாய் முன்னால் போய் அவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, குடியுங்கள் என்றார். பின்னால் கூப்பிட்டுத் திரும்பி வந்தவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது கெல்லிக்கு எப்படித் தெரியும்? எதற்கு என்று புரியாமலே முழுவதையும் குடித்தார்.

அன்றைக்கே அந்தச் சிலிண்டரைக் கழற்றினோம். ராடு முற்றிய வெண்டைக்காய்போல லேசாக வளைந்திருந்தது. அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். கெல்லி டூல் பெட்டிமேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீ சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றார். அரை மணி நேரம் சொல்லாமல்தான் இருந்தேன் என்றேன். அவர் ராடை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பதிவேட்டில் எழுதும் வேலையும் எனக்குத்தான். "புரொப்பெல்லர் பின்னோக்கித் திருப்பப்பட்டது" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதினேன். பாய் படித்துவிட்டு, "யாரு திருப்புனா? பேயா?" என்று கேட்டார். அடித்துவிட்டு "நான் திருப்பினேன்" என்று எழுதினேன். முதலாளி என்னை அப்போதே அனுப்பிவிட வேண்டும் என்று குதித்தார். இவனை அனுப்பினால், அடுத்தவன் தப்பு செய்தால் சொல்ல மாட்டான், பிறகு நீங்கள் விமானத்தைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று பாய் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை. மூன்று மாதம் கையெழுத்துப் போடும் உரிமை எனக்கு இல்லை. லைசென்ஸ் தப்பியது, ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு.

வேலை தப்பியதே தவிர நிம்மதி போய்விட்டது. அதற்குப் பிறகு நான் தொட்டு அனுப்பிய ஒவ்வொரு விமானமும் போய்ச் சேர்ந்ததா என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. போய் இறங்கியதும் வீட்டுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று பைலட்டுகளிடம் கெஞ்சி வைத்திருந்தேன். போன் வரும்வரை கூடத்தில் நடப்பேன். வயிற்றில் புண் வந்துவிட்டது. "ஏனுங்க, புள்ளையக் கட்டிக் குடுத்தவுங்ககூட இத்தன தவிப்புத் தவிக்க மாட்டாங்க" என்பாள் கலாமணி. கேலியாகத்தான் சொல்லுவாள். ஆனால் வயிற்றுக்கு மோர் கொண்டுவந்து வைப்பாள். இப்படியே ஏழு வருடம். அந்த என்ஜின் சத்தத்தைக் கேட்டால் பிரவீண் போன்றவர்களுக்குச் சிலிர்க்கிறது. எனக்கு அது, யாரோ இரண்டு பேர் என் கையை நம்பி ஏறிப் போகிற சத்தம்.

ஒருவழியாக எங்கள் கம்பெனியும் ஜெட் வாங்கியது. பாய் அதற்கு முன்பே ஓய்வு பெற்று, பிளசன்டன் என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஜெட் வந்ததை நான் போனில் சொன்னபோது, "அல்ஹம்துலில்லாஹ், இனியாவது வயித்த நெறையச் சாப்புடுங்க" என்றார். பழைய விமானங்களில் ஒன்று அருங்காட்சியகத்துக்குப் போனது, மற்றவற்றை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லாரும் அவற்றோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெட் வந்த முதல் நாள் காலை, என்ஜின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெய் அளவைப் பார்த்தேன். முன்னால் இருக்கும் விசிறியை ஒரு விரலால் தள்ளினேன். டிக் டிக் என்று சன்னமாகச் சத்தம் போட்டுக்கொண்டு அதுபாட்டுக்குச் சுற்றியது. தடை இல்லை. தலைகீழாகத் தொங்கும் சிலிண்டர் என்று ஒன்றே அதில் இல்லை. ஜெட்டும் கெட்டுப் போகும், பறவை மோதும், விசிறியில் விரிசல் விடும், எல்லாம் தெரியும். ஆனால் காலைக் குளிரில் என் கையைச் சோதித்துப் பார்க்கும் அந்த நாலாவது பிளேடு இனி எனக்கு இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பழைய என்ஜினை நினைத்து அழுகிறேன் என்று ஹெக்டர் முதுகில் தட்டிக் கொடுத்தான். பாவம், நல்லவன். நான் மறுக்கவில்லை.

அன்றைக்கு கெல்லிதான் கேப்டன். ஜெட் சரிவர மேலே ஏறியதைப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கலாமணி தக்காளி சாதம் செய்து வைத்திருந்தாள். ஒரு தட்டு சாப்பிட்டேன், இன்னொரு தட்டும் சாப்பிட்டேன். போன் வரட்டும் என்று சோபாவில் உட்கார்ந்ததுதான் தெரியும்.

கண் விழித்தபோது மேற்கு ஜன்னலில் வெயில் அடித்தது. யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். பதறிப்போய் எழுந்து, போன் வந்ததா என்று கத்தினேன்.

கலாமணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மத்தியானமே வந்துருச்சுங்க. அந்தக் கெல்லிப் புள்ளதான் பேசுச்சு, பத்தரமா எறங்கிட்டாங்களாமா. அவர் தூங்கறாரு, எழுப்பட்டுமான்னு கேட்டேன். தூங்கறாரான்னு ரெண்டு தடவ கேட்டுச்சு. அப்பறம், வேண்டாம், எழுப்பாதீங்க, தூங்கட்டும்னு சொல்லிப் போட்டு வெச்சுருச்சுங்க."